கைக்கு அச்சடித்தது

சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு முத்துக்கிருஷ்ணனின் சேவுக் கடையில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் நகர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். சட்டியைப் பிடிக்கப் போன அவருக்கு இடது முன்கை முழுக்க வெந்துவிட்டது. எதிரே மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி நெல்லையம்மாளுக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரைக்கும் வெந்தது. இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் பக்கத்துக் கடைக்காரர் ஷேக் ஃபரீத். புளியங்குடியில் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து இங்கே விற்கிறவர். ஆட்டோ வரும்வரை இருவரின் காயத்திலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான்.

அந்த மருத்துவமனையின் மாடியில், முன்பு பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த அறையில் ஜெஸ்லின் வேலை பார்த்தாள். சங்கரன்கோவில்காரிதான். சென்னையில் படித்து அங்கேயே ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்தவள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையும் பசையாகக் கரைத்து, இயந்திரத்தின் ஊசிமுனை வழியாகக் கோடு கோடாக அடுக்கி, காயத்தை மூடும் மெல்லிய ஜவ்வை அச்சிடுவது அவர்கள் வேலை. காயத்தைப் படமெடுத்துக் கணினியில் போட்டால், அதன் ஓரம் எப்படி வளைகிறதோ அப்படியே ஜவ்வும் வளைந்து வரும். எலியில் பார்த்து, பன்றியில் பார்த்து, இப்போது மனிதர்களுக்கு முதல் தடவையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேவுக் கடைகளும் தறிக்கூடங்களும் வெடி ஆலைகளும் சுற்றி இருக்கிற ஊர் என்பதால் தீக்காயங்களுக்குக் குறைவில்லை. சொந்த ஊர் என்பதால் அவளை அனுப்பினார்கள்.

முத்துக்கிருஷ்ணனிடம் அவள்தான் சம்மதம் கேட்டாள். முதலுதவி முடிந்து, கையைத் தலையணைமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லியான, நிதானமான மனிதர்.

"எறா ஓடா?" என்றார். "நாங்க சைவம்லா மேடம்."

"மேல ஒட்டுறதுதான் அண்ணாச்சி."

"அப்பம் சரி. திங்கவா போறோம்." கை எரிந்துகொண்டிருந்தபோதும் லேசாகச் சிரித்தார். "அவளுக்கு முதல்ல போட்டுட்டு எனக்குப் போடுங்க. அவளுக்குத்தான் கூட."

நெல்லையம்மாள் பெண்கள் பக்கம் படுத்திருந்தாள். அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு அப்போதுதான் கீழே வந்திருந்தது. சர்க்கரை மிக அதிகம். நெடுநாளாக இருந்திருக்க வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர் ஆனந்தகுமார். அவளைக் கேட்டபோது, "தாகம் கூடத்தான் எடுக்கும். அடுப்புக்கு முன்னால நிக்கதுனால இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த ஜவ்வைப் போடக் கூடாது. ஆய்வின் முதல் விதியே அதுதான். அவர்களுடைய காயத்தில் கிருமி சுலபமாகப் பிடிக்கும், ரத்த ஓட்டம் குறைவு, உணர்ச்சியும் மந்தம். அப்படிப்பட்ட புண்ணை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் இன்னும் தெரியாது. ஜெஸ்லின் இதை முத்துக்கிருஷ்ணனிடம் சொன்னாள். ஆனால் சுருக்கமாகச் சொன்னாள்.

"சுகர் இருக்கவங்களுக்கு இன்னும் அனுமதி இல்ல அண்ணாச்சி. அக்காவுக்கு மருந்து தடவி, துணிக்கட்டுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும்."

"அனுமதி யாரு குடுக்கணும்?"

"அது மேல இருக்கவங்க."

 மேலே இருப்பவர்கள் என்றால் பேசிப் பயனில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் கைக்கு அச்சிட்ட ஜவ்வு ஒட்டிய அன்றைக்கே எரிச்சல் பாதியாகக் குறைந்தது. சில நாளில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டு மாற்ற வரும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள். அவர் கையை ஜெஸ்லின் படமெடுப்பாள். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் படர்ந்து வந்துகொண்டிருந்தது. கீழே, கட்டு அறையில், நெல்லையம்மாளின் காலில் ஒட்டிக் காய்ந்த துணியை நர்ஸ் தண்ணீர்விட்டு நனைத்து நனைத்துப் பிரிப்பார். ஒவ்வொரு முறையும் துணியோடு கொஞ்சம் சதையும் ரத்தமுமாக வரும். அவள் கத்த மாட்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாத்தான் எடுங்களேன், மெதுவாத்தான் எடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தக் குரல் மாடிப்படிவரைக்கும் கேட்கும். முத்துக்கிருஷ்ணன் மாடியில் கையை நீட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"எனக்கு வலியே இல்ல மேடம்" என்றார் ஒரு நாள். ஏதோ குற்றம் செய்தவர்போலச் சொன்னார்.

தபசுக்கு ஊரெல்லாம் கூட்டம் சேரத் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி போக முடியாது. அவர் வீடு அந்தப் பக்கம்தான். அடுத்த முறை ஜவ்வு மாற்ற வேண்டிய நாள் தபசன்றைக்கு வந்தது.

"அன்னைக்கு வர முடியாது மேடம். இவளைத் தூக்கிட்டு அந்தக் கூட்டத்துல எங்கன வர? ஜவ்வை எங்கிட்டக் குடுத்திருங்க. நீங்க போடுததைப் பாத்துட்டுத்தான இருக்கேன். தண்ணியக் காய்ச்சி ஆறவச்சி, கழுவி, நானே ஒட்டிக்கிடுதேன்."

ஜவ்வு மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது. அதுவும் விதிதான். ஜெஸ்லின் யோசித்தாள். தபசன்று ஜவ்வை மாற்றாவிட்டால் ஆய்வில் அவருடைய காயத்தின் கணக்கு விட்டுப்போகும். இதுவரை போட்டவர்களில் அவருக்குத்தான் மிக நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"கூட ஒண்ணு குடுங்களேன். கிழிஞ்சு போச்சின்னா?"

அது கிழியாது. அவருடைய காயம் பாதிக்குமேல் மூடிவிட்டதால் ஒன்றே அதிகம். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நெல்லையம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று ஜெஸ்லின் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் கொடுக்க முடியாது. அவள் கேட்காமலே இன்னொரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு நெல்லையம்மாள் கட்டு மாற்ற வரவில்லை. நர்ஸ் போன் செய்தபோது, "இங்கன பக்கத்துலயே ஒரு நர்ஸம்மா வந்து கட்டுதாங்க. நல்லா ஆறிட்டு வருது" என்றார் முத்துக்கிருஷ்ணன். திருவிழாக் காலத்தில் பாதிப் பேர் அப்படித்தான் என்று நர்ஸும் விட்டுவிட்டார்.

நடந்ததெல்லாம் பிறகுதான் தெரிந்தது. தபசன்றைக்கு அவர் தன் கையில் இருந்ததை மாற்றவே இல்லை. இரண்டு பாக்கெட்டையும் பிரித்து, தன் கையின் அளவுக்கு அச்சிட்டிருந்ததைக் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்து வெட்டி, துண்டு துண்டாக அவள் காலில் பொருத்தினார். இரண்டு துண்டு மிஞ்சியது. அதை மடித்துப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்தார். ஜவ்வு ஒட்டியதும் நெல்லையம்மாள், "குளுகுளுன்னு இருக்குங்க" என்று சொன்னாள். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். கட்டுப் பிரிக்கிற வலி இல்லை. மேலே பார்த்தால் ஈரம் இல்லை, ரத்தம் இல்லை, பளபளவென்று சுத்தமாக இருந்தது. காய்ச்சல் வந்தபோது கூட்டத்தில் யாரிடமோ தொற்றிய காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார். காலை அமுக்கிப் பார்த்தார். அவள் வலிக்கவில்லை என்றாள். அது ஆறியதால் இல்லை, அடியில் சதை செத்துக்கொண்டிருந்ததால்.

ஒரு காலையில் அவள் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தாள், ஆனால் அவரை அடையாளம் தெரியவில்லை. மறுபடியும் ஷேக் ஃபரீத்துதான் ஆட்டோ பிடித்தார்.

கட்டு அறையில் ஆனந்தகுமார் ஜவ்வின் ஓரத்தைத் தூக்கினார். அடியிலிருந்து பச்சையும் பழுப்புமாகச் சீழ் வழிந்தது. நாற்றம் தாங்காமல் பயிற்சி நர்ஸ் வெளியே ஓடினார். பாதம் கறுத்திருந்தது. ஆனந்தகுமார் அந்தத் துண்டைக் கிண்ணத்தில் போட்டு, மாடிக்கு ஆள் அனுப்பி ஜெஸ்லினை வரச் சொன்னார்.

"இது உங்களோடதா?"

குறுக்குக் கோடுகளைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஆமா சார்."

"இந்தம்மாவுக்கு எப்படி வந்துச்சு?"

"நான் அவர்கிட்ட ரெண்டு குடுத்தேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

திருநெல்வேலியில் காலை வெட்டி எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. மறுநாள் மாலை நெல்லையம்மாள் இறந்துபோனாள்.

நடந்ததை எல்லாம் ஜெஸ்லின் சென்னைக்கும் மருத்துவமனைக் குழுவுக்கும் தானே சொன்னாள். ஆய்வை நிறுத்தினார்கள். மாடி அறையைப் பூட்டினார்கள். விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாம்.  வீட்டில் அம்மா சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு ஜெஸ்லின் முத்துக்கிருஷ்ணனின் வீட்டுக்குப் போனாள். என்ன சொல்வது என்று முடிவு செய்யாமலே போனாள். மருத்துவமனையில் அவரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்களா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர் மகள் வித்யாலட்சுமி கதவைத் திறந்தாள். கையில் கைக்குழந்தை. "அப்பா, ஆஸ்பத்திரி மேடம் வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலி போட்டு உள்ளே போனாள்.

முத்துக்கிருஷ்ணன் மாலை போட்ட படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார்.

"நீங்க ஒருத்தருதான் எங்களுக்கு நல்லது செஞ்சிய" என்றார்.

ஜெஸ்லின் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"காலு அழுகிப் போச்சின்னாங்க. சுகர்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அந்தத் துணியக் கட்டிக் கட்டிப் பிச்சி எடுத்துத்தான் புண்ண ரணமாக்குனாங்க. ஜவ்வை முதல் நாளே அவளுக்குப் போட்டிருந்தா பொழைச்சிருப்பா. நான் போட்ட அன்னைக்கு எப்படித் தூங்குனா தெரியுமா மேடம். லேட்டாப் போட்டேன். அதான் தப்பாப் போச்சி."

அவர் மெதுவாக, யோசித்து யோசித்துப் பேசினார். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. அவரை இப்படியே விட்டுவிடலாம் என்று ஜெஸ்லினுக்குத் தோன்றியது. இந்த நம்பிக்கையோடு இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்கு வேறு என்ன இருக்கிறது. தான் கொடுத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"அவளுக்குத்தான் உதவல" என்று அவரே தொடர்ந்தார். "மிச்சத்தையாவது வீணாக்க வேண்டாம்னு நம்ம பாய்க்குக் குடுத்திட்டேன்."

"எந்த பாய்?"

"ஷேக் ஃபரீத்து. அவருக்கும் சுகர்தான். கால் பெருவெரல்ல ஒரு புண்ணு, ரொம்ப நாளா ஆற மாட்டேங்குது. நானே ஒட்டி விட்டேன். சீழெல்லாம் நின்னுருச்சி. நாலு நாளாச் செருப்புப் போட்டுக் கடைக்கு வாராரு."

ஜெஸ்லின் எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, அதை இப்பவே எடுக்கணும். வாங்க."

"ஏன்? அது நல்லாத்தான இருக்கு. அவரு எடுக்க விட மாட்டாரு. நாஞ்சொல்லித்தான் போட்டாரு."

"நீங்கதான் சொல்லணும். அதுக்காகத்தான் வாங்கன்னு சொல்லுதேன்."

"எதுக்குன்னு சொல்லுங்க மேடம்."

உள்ளே குழந்தை அழுதது. வித்யாலட்சுமி அதை அமர்த்தும் சத்தம் கேட்டது. ஜெஸ்லின் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சுகர் இருக்கவங்க புண்ணுக்குள்ள கிருமி இருக்கும். துணிக்கட்டுப் போட்டு அடிக்கடி பிரிச்சா சீழ் வெளிய வந்துரும், நாமளும் பாத்துருவோம். ஜவ்வு மூடிருச்சின்னா வெளிய வராது. உள்ளயே ஏறும். மேல பாத்தா ஆறுன மாதிரி இருக்கும். வலியும் தெரியாது. அக்காவுக்கு அதுதான் நடந்துச்சு. பாய்க்கும் அதுதான் நடந்துட்டு இருக்கு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீழ் நிக்கல அண்ணாச்சி. வெளிய தெரியல, அவ்வளவுதான். நான் உங்ககிட்ட அன்னைக்கே வெவரமாச் சொல்லியிருக்கணும். குடுத்திருக்கவே கூடாது. ரெண்டாவது எதுக்குக் கேட்டியன்னு எனக்குத் தெரியும்."

 அவர் வலது கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். சட்டை போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றி மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "வாங்க, பாயப் போய்ப் பாப்போம்" என்றார்.

ஷேக் ஃபரீத் கடையில் மூட்டையிலிருந்து பழங்களைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "என்னவே, வெளிய வந்துட்டீரு" என்று சந்தோஷமாகச் சொன்னவர், பின்னால் ஜெஸ்லினைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"காலை நீட்டும் பாய்" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"எதுக்கு? அது ஆறிட்டுல்லா."

"ஆறல. நீட்டும்."

முத்துக்கிருஷ்ணனே குனிந்து அவர் செருப்பைக் கழற்றினார். அவரே அந்த ஜவ்வின் ஓரத்தை நகத்தால் நெம்பித் தூக்கினார். நெல்லையம்மாளின் காலில் வந்த அதே நாற்றம் கடைக்குள் பரவியது. எலுமிச்சம்பழ வாசனையையும் மீறி அது வந்தது. ஃபரீத் கீழே பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். முத்துக்கிருஷ்ணன் கையில் வழிந்த சீழைத் துடைக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தபடியே குந்தி உட்கார்ந்திருந்தார். ஆட்டோவை ஜெஸ்லின்தான் பிடித்தாள்.

அன்று மாலையே ஃபரீத்துக்குப் பெருவிரலை எடுத்தார்கள். பாதத்து எலும்புக்குள் போகவில்லை, காலுக்கு ஆபத்தில்லை என்று ஆனந்தகுமார் வெளியே வந்து சொன்னார். ஃபரீத்தின் மனைவி ஷரீபா பீவி ஜெஸ்லினின் கையைப் பிடித்து அழுதாள். முத்துக்கிருஷ்ணன் வராந்தாவின் கடைசி நாற்காலியில் தனியே உட்கார்ந்திருந்தார். ஜெஸ்லின் பக்கத்தில் போனதும் கேட்டார்.

"காய்ச்சல் வந்த அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரிஞ்சதச் சொல்லுங்க."

"காலு போயிருக்கும். உயிரு இருந்திருக்கலாம்."

"ஜவ்வே போடாம, அந்தத் துணிக்கட்டே கட்டியிருந்தா?"

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"பொழைச்சிருப்பாங்கன்னுதான் நினைக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். "அவ கேக்கல. நானாத்தான் போட்டேன். ஒட்டும்போது வேண்டாம்னா. 'ஒங்களுக்குக் குடுத்தத எனக்கு ஏன் போடுதிய'ன்னா." 

அன்றிரவே அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று நாள் கழித்து வித்யாலட்சுமி ஜெஸ்லினுக்கு போன் செய்தாள். இடையில் அவள் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

"நீங்க ஏன் அவருகிட்டச் சொன்னிய?" என்றாள். "தெரியாமலே இருந்திருப்பாருல்லா. எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"பாய் கால்ல இருந்தத எடுக்க வேண்டியிருந்துச்சு."

"அதுக்கு வேற ஏதாவது சொல்லியிருக்கலாம்லா. பொய் சொல்லக்கூடவா ஒங்களுக்குத் தெரியாது?" அவள் குரல் உடைந்தது. "அவரு மொகத்தப் பாக்க முடியல. அதான் கெளம்பிப் போயிட்டேன்.  போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காரு. இப்பம் பஸ்ஸுல திரும்ப வந்துட்டுத்தான் இருக்கேன், ஆனா சாயந்தரம் ஆயிரும். நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்க."

ஜெஸ்லின் உடனே கிளம்பினாள். தெருவில் திருவிழாவுக்குக் கட்டி இத்தனை நாளாகப் பிரிக்காமல் கிடந்த பந்தலின் கம்புகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசல்படியில், கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஷேக் ஃபரீத் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர்.

"நீங்க நடக்கவே கூடாதே பாய்."

"ஆட்டோவுலதான் வந்தேன்."

"உள்ள இருக்காரா?"

"இருக்காரு. கூப்பிட்டா பதில் இல்ல. ஆனா இருமுதாரு, கேட்டேன். தண்ணி மொள்ளுத சத்தமும் கேட்டுச்சி." அவர் கதவில் விரலால் தட்டினார். "ஏவே முத்து. அந்த மேடமும் வந்திருக்கு. ஒம்ம மக வந்துக்கிட்டு இருக்கா."

உள்ளே எதுவும் கேட்கவில்லை. ஜெஸ்லின் கதவருகே போய், "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். ஏதோ நகர்ந்தது போலிருந்தது. மீண்டும் அமைதியானது.

"கதவ ஒடச்சிருவோமா பாய்?"

"இருமுத ஆள எதுக்கு ஒடைக்க? சத்தம் நின்னா ஒடைப்போம்." ஃபரீத் சற்றே நகர்ந்து படியில் இடம் விட்டார். "உக்காருங்க. நான் காலையில இருந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். இனி நீங்க கொஞ்சம் பேசுங்க."

ஜெஸ்லின் உட்கார்ந்து கதவில் தலையைச் சாய்த்தாள்.  பாய்க்கு விரலோடு போயிற்று, காலுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். வித்யா எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று சொன்னாள். கேரியரில் என்ன சாப்பாடு இருக்கிறது என்று ஃபரீத்திடம் கேட்டு, அதையும் உள்ளே கேட்கும்படி சொன்னாள்.